ராசி பந்தடிக்குமா?

அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் உண்மை வீரர்களைக் கொண்டு கற்பனை அணிகள் அமைத்துப் போட்டியிடுவர். 1980-இல் டேனியல் ஓக்ரன்ட் நண்பர்களுடன் இதற்கு இன்றைய வடிவம் தந்தார். புதிதாக அணிக்கு வந்த வீரர்களை ராசிவாரியாகப் பிரித்துச் சேர்ப்போரும் உண்டு. இது சரியா?

ஹோசே கான்செகோவும் ஓசி கான்செகோவும் 1964 ஜூலை 2-ஆம் நாள் பிறந்த இரட்டையர். மேனாட்டுக் கணக்கில் இருவரும் கடக ராசி. இருவருமே அணி மாறி ஆடியவர்கள். மேஜர் லீகில் ஹோசே அடித்த ஹோம் ரன்கள் 462. ஓசி அடித்ததோ ஒன்றுமில்லை!

கற்பனை அணி தோற்றால் நட்டமில்லை. ஆனால், பிறந்த நாளைப் பார்த்து ஆளை எடைபோடும் பழக்கம் வகுப்பிலும் வீட்டிலும் புகுந்தால், திறமையுள்ள ஒருத்தி வாய்ப்பின்றி ஒதுக்கப்படுவாள். பிறப்பைக் கேளாது, செயலைக் கண்டு மதிப்போம்!