மீனின் வீட்டைக் காப்பவர் யார்?

மீன்வளம் பெருக வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு கொண்டோர் எவரும் இலர். ஆள்வோரும் அதனையே கூறுவர். ஆள்வோரை எதிர்ப்போரும் அதனையே கூறுவர். தூண்டிலோடு கரையில் அமர்ந்திருப்பவரும் அதனையே விரும்புவர். வேறுபாடு பெருக்கும் வழியில்தான் தோன்றுகிறது. பொது நீர்நிலைகளின் மீன்வளத்தைப் பேணுவதற்கென நாடுதோறும் அரசுத் துறைகள் உள்ளன. அத்துறைகளின் பணிகளுள் மக்கள் கண்ணில் பெரிதும் படுவது மீன்குஞ்சு விடும் விழாவேயாகும். கரையில் பந்தல் எழும், தலைவர்கள் வருவர், நீர் நிரம்பிய பைகள் அவிழ்க்கப்படும், குஞ்சுகள் ஏரிக்குள் துள்ளி ஓடும், படம் எடுக்கப்படும். இத்தனை ஆயிரம் குஞ்சுகள் விடப்பட்டன என்னும் செய்தி மறுநாள் ஏட்டில் வரும். அவற்றுள் எத்தனை பிழைத்தன, எத்தனை வளர்ந்து முட்டையிட்டன என்னும் செய்தியோ அவ்வளவு எளிதில் வருவதில்லை.

குஞ்சு விடுதல் தீது என்று எவரும் சொல்லவில்லை. அழிந்துவரும் இனத்தை மீட்கவும், வறண்ட நீர்நிலையில் மீண்டும் மீனைக் குடியேற்றவும் அது பயன்படும். ஆனால், வீடு இடிந்து கிடக்க விருந்தினரை அழைப்பது அறிவுடைமை ஆகுமா? ஏரியின் நலம் கெட்டுக் கிடக்கும்போது அதில் குஞ்சுகளைக் கொட்டுவது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றும் செயலே அன்றி வேறன்று. மீன்வளத் துறையின் தலையாய பணி மீனை விடுவது அன்று. மீன் வாழும் இடத்தைக் காப்பதும், கெட்ட இடத்தைச் சீர்செய்வதுமே ஆகும். அப்பணியை மேற்பார்க்கும் அலுவலருக்குப் பெயரளவில் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, அதிகாரத்தைக் கொடாதிருப்பது ஏரிக்கும் செய்யும் தீங்கு. அந்த அலுவலருக்கும் செய்யும் தீங்கு.

ஏரியை நீர் நிரம்பிய பள்ளம் என்று கருதுவதிலிருந்தே பிழை தொடங்குகிறது. மீனுக்கு நீர் மட்டும் போதாது. முட்டையிட ஆழமற்ற கரையோரம் வேண்டும்; குஞ்சுகள் ஒளிய நாணலும் நீர்ச்செடியும் வேர்களும் வேண்டும்; விழுந்து கிடக்கும் மரமும் வேண்டும். படகோட்டிக்கு இடையூறாகத் தோன்றும் பட்டமரம் மீனுக்கு மாடமாளிகை. மேலும், நீர்மட்டம் பருவத்துக்கேற்ப உயரவும் தாழவும் வேண்டும். மழைக்காலத்தில் நீர் பரந்து கரைக்காட்டுக்குள் புகும்போது மீனும் உடன் புகுந்து இரை தேடுகிறது, முட்டையிடுகிறது. கோடையில் நீர் வடியும்போது கரைமண் காற்றுப்பட்டு மீண்டும் உயிர்பெறுகிறது. ஏரி மூச்சு விடுவது இவ்வாறே. அம்மூச்சை அடைத்துவிட்டு, ஏரி ஏன் நோயுற்றது என்று வினவுவதில் பொருளில்லை.

இதற்குத் தொலைவில் சென்று சான்று தேட வேண்டியதில்லை. பகாங் மாநிலத்தில், பெக்கான் மாவட்டத்தில் உள்ள சினி ஏரியே சான்று. மலேசியாவின் இயற்கையான நன்னீர் ஏரிகளுள் பெரா ஏரிக்கு அடுத்த பெருமை இதற்குண்டு. ஒன்றோடொன்று இணைந்த பல நீர்ப்பரப்புகளைக் கொண்டது அது. அங்கு வாழும் ஜாக்குன் பூர்வகுடியினர் அவை ஒவ்வொன்றையும் 'லாவுட்' என்றே, அதாவது கடல் என்றே, அழைக்கின்றனர். சினி ஆறு இவ்வேரியைப் பகாங் ஆற்றோடு இணைக்கிறது. வெள்ளக் காலத்தில் பகாங் ஆறு பெருகிச் சினி ஆற்றின் வழியே நீரை ஏரிக்குள் தள்ளும். வெள்ளம் வடிந்ததும் ஏரிநீர் ஆற்றுக்குத் திரும்பும். நீரோடு மீன்களும் வரும், போகும். ஏரியின் வளம் இப்போக்குவரவைச் சார்ந்தே இருந்தது.

1995ஆம் ஆண்டில் சினி ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டப்பட்டது. கோடையிலும் சுற்றுலாப் படகுகள் தரைதட்டாமல் ஓட வேண்டும் என்பதே நோக்கம். படகு ஓடியது, ஏரியின் மூச்சு தடைப்பட்டது. ஆண்டில் சில திங்கள் மட்டும் நீரில் நின்று பழகிய கரையோர மரங்கள் ஆண்டு முழுதும் நீரில் நிற்க நேர்ந்தமையால் பட்டுப்போயின. ஆற்றுக்கும் ஏரிக்கும் இடையே மீன் சென்றுவரும் வழியும் அடைபட்டது. பிற்காலத்தில் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த கபோம்பா என்னும் அயல்நீர்ச்செடி ஏரியில் பரவியது. துண்டான ஒரு சிறு கிளையிலிருந்தே அது மீண்டும் தழைக்க வல்லது. படகின் சுழல்விசிறி வெட்டிய துண்டுகளே அதற்கு விதையாயின. ஏரியைச் சூழ்ந்த நிலத்தில் காடு அழிந்து செம்பனை வந்தது. இரும்புத்தாதுச் சுரங்கம் வந்தது. மழைதோறும் செம்மண் கரைந்து நீரில் கலந்தது. காண வருவோரை ஈர்த்த தாமரைப் பரப்பும் சுருங்கியது.

2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் சினி ஏரியை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மாலை விழுந்தது; நோய் தீரவில்லை. காப்பகம் என்னும் பெயர் சூட்டப்பட்ட பின்னரும் அதன் நீர்ப்பிடிப்பு நிலத்தில் சுரங்கத் தொழில் நடைபெற்றதை நாடறியும். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் நீரை அளந்தனர், மண்ணை அளந்தனர், அறிக்கை அளித்தனர். அறிவு குறைவாக இருந்ததனால் ஏரி கெடவில்லை. அறிந்தவருக்கு ஆணையிடும் உரிமை இல்லாததனாலேயே கெட்டது.

இவ்வுரிமை ஏன் இல்லை என்பதை அரசமைப்புச் சட்டத்தைப் புரட்டிப் பார்ப்போர் அறிவர். மீன்வளத் துறை கூட்டரசைச் சார்ந்தது. நிலமும், காடும், ஆறும், சுரங்க உரிமமும் மாநிலப் பட்டியலில் அடங்கியவை. ஆற்று மீன்பிடிப்பும் அப்பட்டியலிலேயே இடம்பெற்றுள்ளது. மாநிலத்துக்குள்ளும் நீர்மட்டம் ஓர் அலுவலகத்தின் கையில், மரம் இன்னோர் அலுவலகத்தின் கையில், நிலம் வேறோர் அலுவலகத்தின் கையில். ஊர்கூடித் தேர் இழுக்க வேண்டிய இடத்தில், ஆளுக்கொரு பக்கமாக வடம் பிடிக்கின்றனர். மீனுக்குப் பொறுப்பானவருக்கோ அணையின் உயரத்தைக் குறைக்கச் சொல்லும் அதிகாரம் இல்லை. கரையில் மரம் வெட்டுவதைத் தடுக்கும் அதிகாரம் இல்லை. சேற்றுநீர் வரும் வழியை அடைக்கும் அதிகாரமும் இல்லை. அவரிடம் எஞ்சியிருப்பது குஞ்சு நிரம்பிய பை ஒன்றே. அவர் விழா நடத்துகிறார் என்று நகைப்பதற்கு முன், வேறு எதனை நடத்த அவருக்கு இடமளிக்கப்பட்டது என்று கேட்பதே முறை.

இக்கருத்தை மறுப்போர் இரண்டு வாதங்களை முன்வைப்பர். "மீன் உற்பத்தியே முதன்மை, எந்த மீன் எந்த வழியில் வந்தாலும் டன் கணக்கு உயர்ந்தால் போதும்" என்பது முதல் வாதம். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி இதற்கு விடை கூறும். 1950களில் அங்கு நைல் பெர்ச் என்னும் பெருமீன் விடப்பட்டது. 1980களில் அது பெருகிப் பரவியபோது ஏற்றுமதி உயர்ந்தது, ஆலைகள் எழுந்தன, டன் கணக்கும் உயர்ந்தது. மறுபுறத்தில், அவ்வேரிக்கே உரிய சிறுமீன் இனங்களுள் 200க்கும் மேற்பட்டவை அழிந்தன அல்லது அழிவின் விளிம்பை அடைந்தன என மதிப்பிடப்படுகிறது. சிறுமீனை வெயிலில் உலர்த்தி உண்ட கரையோர மக்கள், கொழுப்பு மிக்க பெருமீனைப் புகையூட்ட விறகு தேடிக் காட்டை வெட்டினர். ஏற்றுமதியின் ஈட்டம் உண்மைதான், இழப்பும் உண்மைதான். ஈட்டம் கணக்கில் ஏறியது. இழந்த இனங்களோ எந்தக் கணக்காலும் மீளப் போவதில்லை. டன் ஒன்றையே அளவுகோலாகக் கொண்ட நிருவாகம் இப்படித்தான் முடியும்.

"வாழிடப் பாதுகாப்பு என்பது வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை, ஏழை மீனவனின் வயிற்றை அது நிரப்பாது" என்பது இரண்டாம் வாதம். இதற்கு ஒடிசா மாநிலத்தின் சிலிகா ஏரி விடை கூறும். கடலோடு இணைந்த அவ்வுப்பங்கழியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்தது, உப்பின் அளவு குறைந்தது, களைச்செடி பெருகியது, மீன் அருகியது. 1981இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ச் சிறப்பிடம் பெற்ற அவ்வேரி, 1993இல் கேடுற்ற நீர்நிலைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதற்கெனத் தனியே ஒரு மேம்பாட்டு ஆணையம் அமைந்திருந்தது. அவ்வாணையம் ஏரிக்கு நீர் வரும் நிலத்தைச் சீர்செய்யும் பணியை மேற்கொண்டது. கடலோட்டத்தையும் மணற்போக்கையும் ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிய முகத்துவாரம் ஒன்றைத் திறந்தது. அதற்கு முன் ஆண்டுக்கு 2,000 டன்னுக்கும் கீழே தாழ்ந்திருந்த மீன்பிடிப்பு, 2001–02இல் ஏறத்தாழ 12,000 டன்னை எட்டியது. 2002இல் ஏரியின் பெயர் கேடுற்றவற்றின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இப்பெருக்கம் பைகளிலிருந்து வந்ததா? இல்லை. வழி திறந்தது, கடலிலிருந்து மீனும் இறாலும் வந்தன. மீனவன் வயிற்றை நிரப்பியது வாழிடச் சீரமைப்பே ஆகும்.

சிலிகாவில் எல்லாம் நிறைவுற்றது என்று கொள்ளுதலும் தவறு. கடல் மணலைக் கொண்டுவந்த வண்ணமே இருக்கும். இறால் வளர்ப்புக்கென ஏரியை வேலியிட்டு வளைப்போர் தொல்லையும் எளிதில் ஒழிவதன்று. சீரமைப்பு என்பது ஒருநாள் திறப்பு விழா அன்று என்பதையே இதுவும் உணர்த்துகிறது. வாழிட மேற்பார்வையாளரின் பணி நாளும் நடைபெற வேண்டிய பணி. நீர்மட்டத்தைத் திங்கள்தோறும் குறிக்க வேண்டும். நீரின் தெளிவையும் அதில் கரைந்த உயிர்வளியையும் அளக்க வேண்டும். மீன் முட்டையிடும் இடங்களை வரைபடத்தில் பதித்து, அப்பருவத்தில் அங்கு வலையையும் படகையும் தடுக்க வேண்டும். அயற்செடி முதல் துண்டாக வந்தபோதே அதனைக் களைய வேண்டும். வெற்றாகிப்போன கரையில் அவ்விடத்துக்குரிய மரங்களையே நட வேண்டும். அணை இருக்குமாயின் மீன் ஏறி இறங்க வழி அமைக்க வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் பந்தலுக்கும் படத்துக்கும் ஏற்றதன்று. ஆயினும், இவை இல்லையேல் பந்தலில் விடப்பட்ட குஞ்சுகளுக்கு வாழ்வு இல்லை.

இம்மேற்பார்வையில் ஏரிக்கரை மக்களுக்கும் இடம் வேண்டும். நீர் எப்போது ஏறும், எந்த மீன் எந்தத் துறையில் முட்டையிடும் என்பதைச் சினி ஏரியின் ஜாக்குன் மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிவர். அவர்களைச் சுற்றுலாப் பயணிக்குக் காட்சிப்பொருளாக நிறுத்தும் திட்டங்கள், அவர்கள் அறிவைக் கூட்டத்தில் அமர்த்திக் கேட்க மறந்துவிடுகின்றன. நீரைக் குடித்து, அந்நீரின் மீனை உண்டு வாழ்பவரைக் காட்டிலும் ஏரியின் நோயை முன்னே உணர்பவர் யார்?

அதிகாரமும் கணக்கும் ஒருங்கே அமைய வேண்டும் என்னும் எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியம் என்னும் ஓர் அமைப்பைக் குறிப்பிடுகிறது. அது பாசன ஏரியைக் காக்க அமைந்ததே, மீனைக் கருதியதன்று. ஆயினும் அதன் விதி எண்ணத்தக்கது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வரத் தகுதியற்றவர் என அக்கல்வெட்டு விதிக்கிறது. குடவோலை முறையை மாணவர்க்குப் பெருமிதத்தோடு கற்பிக்கும் ஆசிரியர்கள், அம்முறையில் தேர்வானோர் எதனைக் காத்தனர், எதற்குக் கணக்குக் கொடுத்தனர் என்பதையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். பழம்பெருமை மேடையில் முழங்குவதற்கு மட்டும் உரியதாயின், அதனால் எந்த ஏரியும் நிரம்பாது.

ஆகவே வேண்டப்படுவன மூன்று. ஏரியின் நீர்மட்டம், கரை, நீர்ப்பிடிப்பு நிலம் ஆகியவற்றைப் பாதிக்கும் எச்செயலும் வாழிட மேற்பார்வையாளரின் எழுத்துமூல ஒப்புதல் இன்றி நடைபெறாதவாறு மாநிலமும் கூட்டரசும் சேர்ந்து சட்டம் இயற்ற வேண்டும். ஏரிக்கரை மக்களின் பேராளர்கள் அம்மேற்பார்வையில் முழு உறுப்பினராக அமர வேண்டும். எத்தனை குஞ்சு விடப்பட்டது என்பதை அன்று, எத்தனை மீன் அவ்வேரியிலேயே தாமாகப் பிறந்து வளர்ந்தன என்பதை ஆண்டுதோறும் மக்கள்முன் கணக்காக வைக்க வேண்டும். இம்மூன்றுக்கும் பொருட்செலவு உண்டு. சிலருடைய ஊதியத்துக்குக் குறைவும் உண்டு. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், ஏரி கெட்டபின் ஆகும் செலவு இதனினும் பெரிது என்பதைச் சினியில் பட்டுநின்ற மரங்களே சொல்லும்.

இனி ஒரு விழாவில் குஞ்சுப் பை அவிழ்க்கப்படும்போது, கரையில் நிற்கும் மாணவன் ஒருவன் எழுப்ப வேண்டிய வினா ஒன்று உண்டு: "சென்ற ஆண்டு விடப்பட்டவை எங்கே?" அவ்வினாவுக்கு விடையளிக்க இயலாத துறை அடுத்த பையை அவிழ்ப்பதற்கு முன், ஏரியின் கரையையும் நீரையும் ஒருமுறை நடந்து பார்த்து வருதல் வேண்டும்.