கடன் எத்தனை நடை தூரம்?



ஒவ்வொரு கிராமத்துக்கும் 5 கிலோமீட்டருக்குள் வங்கிச் சேவை இருக்க வேண்டும் என்று 2019-24க்கான தேசியத் திட்டத்தில் ரிசர்வ் வங்கி எழுதி வைத்தது. அதற்கு முன், 2014இல் அறிக்கை தந்த நச்சிகேத் மோர் குழு, 15 நிமிடம் நடந்தால் பணம் போடவும் எடுக்கவும் இடம் வேண்டும் என்றது.

வரைபடத்தில் பார்த்தால் நம் சேலம், நாமக்கல் சமவெளிக்குக் குறையே இல்லை. ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர், பரமத்திவேலூர் என எங்கும் வங்கிகள். தமிழ்நாடு கிராம வங்கியின் தலைமையகமே சேலம்தான். கூட்டுறவுச் சங்கமும் பக்கத்திலேயே இருக்கிறது. அப்புறம் ஏன் நம்ம பெண்கள் நுண்கடன் கம்பெனியிடம் போகிறார்கள்?

கிலோமீட்டர் கட்டடத்துக்கு உள்ள தூரத்தைத்தான் சொல்லும், கடனுக்கு உள்ள தூரத்தைச் சொல்லாது. நம்ம ஊரில் "எத்தனை நடை நடந்தே?" என்றுதான் கேட்போம். சிட்டா, அடங்கலுக்கு ஒரு நடை. வி.ஏ.ஓ. இல்லாவிட்டால் இன்னொரு நடை. வேறு வங்கியில் கடன் இல்லை என்ற சான்றுக்கு ஒரு நடை. "மேனேஜர் மீட்டிங் போயிட்டாரு, நாளைக்கு வாங்க" என்றால் மறுபடியும் ஒரு நடை. ஒவ்வொன்றுக்கும் அரை நாள் கூலி போகிறது. 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, நல்லதுதான். ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தை யார் தருவது?

நுண்கடன்காரர் நம் தெருவுக்கே வருகிறார். ஒரு நடைகூட வேண்டாம். வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50,000 ரூபாய், 24 சதவீத வட்டி, 24 மாதத் தவணை என்றால் மாதம் சுமார் 2,640 ரூபாய் கட்ட வேண்டும். வட்டி மட்டும் 13,400 ரூபாய்க்கு மேல். மஞ்சள் வெட்ட ஒன்பது மாதம், மரவள்ளிக்குப் பத்து மாதம் ஆகும். தவணையோ அடுத்த மாதமே வாசலில் நிற்கும். கையில் காசில்லாதபோது முதலில் விற்பது மாட்டைத்தான். மாடு போனால் சாணி போச்சு, ஜீவாமிர்தம் போச்சு, பஞ்சகவ்யம் போச்சு. இயற்கைக்கு மாறி இரண்டாம் வருடம் நிற்கும் குடும்பம் மறுபடி யூரியா மூட்டையிடம் போவது இப்படித்தான்.

நுண்கடனுக்கு விதிகள் உண்டு. 2022இல் ரிசர்வ் வங்கி சொன்னபடி, எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. இதைத் தெருவில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. ஆனால் அதில் ஒரு பங்கு உரமாக வருகிறது. "மூட்டை வேண்டாங்க, பணமா குடுங்க" என்று கேட்கும் இயற்கை உழவருக்குச் சங்கம் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் தூரம்தான். தொழுவுரம், மாடு, ஆள்கூலி இவற்றைக் கணக்கில் எடுத்து, இயற்கை சாகுபடிக்கென்று தனிக் கடன் அளவை மாவட்டத் தொழில்நுட்பக் குழு நிர்ணயிக்க வேண்டும். இது நம் முதல் கோரிக்கையாகட்டும்.

மகளிர் குழுக்களையும் மறக்க வேண்டாம். 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம் 1991-92இல் அன்றைய சேலம் மாவட்டத்துக்கு வந்தது. நாமக்கல்லும் அப்போது அதில்தான் இருந்தது. சொந்தச் சேமிப்பிலிருந்து உள்கடன் தரும் குழுவில் எப்போது திருப்புவது என்பதை அறுவடை பார்த்து நாமே முடிவு செய்யலாம்.

அடுத்து, தூரத்தை நாமே அளப்போம். ஊருக்குப் பத்து வீடு போதும், ஒரு நோட்டும் போதும். எந்தக் கடன், எத்தனை நடை, எவ்வளவு பஸ் செலவு, எத்தனை நாள் கூலி போச்சு, மனு கொடுத்து எத்தனை நாளில் பணம் வந்தது, திருப்ப மொத்தம் எவ்வளவு என்று எழுதுங்கள். கிராம சபையில் அதைப் படியுங்கள். ஆட்சியர் அலுவலக விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள். முன்னோடி வங்கிக்கும் ஒரு நகல் போகட்டும். 5 கிலோமீட்டர் என்று அவர்கள் சொல்லும்போது, ஏழு நடை என்று காட்ட நம் கையில் கணக்கு இருக்க வேண்டும்.