அர்ப்பணிப்பு எண்டு சொல்லிச் சம்பளத்தை மறைக்காதீங்க

விளையாட்டு வீராங்கனைகளைப் புகழும்போது எல்லாரும் கையிலெடுக்கும் சொல் ஒன்று இருக்கு: 'அர்ப்பணிப்பு'. "காசுக்காக ஆடேல்ல, விளையாட்டு மேல இருந்த காதலுக்காக ஆடினவ" எண்டு எழுதி, கீழ ஒரு கைதட்டும் படமும் போட்டுவிட்டால் கடமை முடிஞ்சுது. எனக்கு இந்தப் புகழ்ச்சியில் நம்பிக்கை இல்லை. ஏன் எண்டு சொல்ல, ஸ்கொட்லாந்தின் றக்பி வீராங்கனை டொனா கெனடியின் கதையை எடுக்கிறேன்.

1993 பெப்ரவரி 14. எடின்பரோவில் ரேபர்ன் பிளேஸ் மைதானம். ஸ்கொட்லாந்துப் பெண்கள் அணி தன் முதலாவது சர்வதேசப் போட்டியில் அயர்லாந்தைச் சந்தித்து 10-0 என்று வென்றது. உலகின் முதல் சர்வதேச றக்பிப் போட்டி நடந்ததும் இதே இடத்தில்தான். 1871இல் ஸ்கொட்லாந்து ஆண்கள் இங்கிலாந்தோடு மோதிய ஆட்டம் அது. அதே புல்லில் கால் வைக்கப் பெண்களுக்கு 122 வருடம் பிடித்தது.

அந்த முதல் அணியில் கெனடி இருந்தார். எட்டாம் இலக்க ஆட்டக்காரி. ஸ்க்ரம்மின் பின்வரிசையில் நின்று தள்ளுவது, பந்தை எடுத்துக்கொண்டு நேரே ஆட்களுக்குள் பாய்வது, விழுந்து எழும்பித் திரும்பவும் மோதுவது இவர்களுடைய வேலை. உடம்பு அடி வாங்கிக்கொண்டே இருக்கும். இதை அவர் 2010 வரைக்கும் செய்தார். மொத்தம் 115 சர்வதேசப் போட்டிகள். 2016இல் இங்கிலாந்தின் ரொஷெல் கிளார்க் முந்தும்வரை பெண்கள் றக்பியில் இதுதான் உலக சாதனை. ஸ்கொட்லாந்து ஆண்களில் அதிகம் ஆடிய ரொஸ் ஃபோர்டின் எண்ணிக்கை 110.

இப்ப ஆண்டுகளைக் கவனியுங்கோ. 1993இல் கெனடி தொடங்கியபோது ஆண்களும் சம்பளம் இல்லாமல்தான் ஆடினார்கள். றக்பியில் அப்ப அதுதான் சட்டம். 1995 ஓகஸ்டில் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். ஆண்கள் தொழில்முறை வீரர்களானார்கள். பெண்கள் அப்படியே நின்றார்கள். கெனடி அதற்குப் பிறகும் 15 வருடம் நாட்டுக்காக ஆடினார். அவர் விளையாடிய காலத்தில் 1998இல் பிரித்தானிய, அயர்லாந்து அணிகளுக்கிடையிலான தொடரில் எல்லாப் போட்டிகளையும் வென்று 'கிராண்ட் ஸ்லாம்' எடுத்தது ஸ்கொட்லாந்துப் பெண்கள் அணி. அப்பவும் சம்பளம் வரவில்லை.

இந்த இடத்தில் ஒருத்தர் கட்டாயம் சொல்லுவார்: "பார்க்கச் சனம் வந்தால்தானே காசு வரும்? சந்தை இல்லாத இடத்தில எப்படிச் சம்பளம் குடுக்கிறது?"

நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரியும். ஸ்கொட்லாந்து சின்ன நாடு, அவர்களுடைய சங்கமும் பெரிய பணக்காரச் சங்கம் இல்லை, மரேஃபீல்டில் நடக்கும் ஆண்கள் போட்டிகளில் வரும் வருமானத்தில்தான் எல்லாம் ஓடுது. இதெல்லாம் உண்மை. ஆனால் அதே சங்கம் ஆண்களிடம் எப்படி நடந்தது? தொழில்முறை வந்த கையோடு நாலு பிராந்திய அணிகளுக்குக் காசு கொட்டியது. தாங்க முடியவில்லை. 1998இல் நாலை இரண்டாகச் சுருக்கினார்கள். பிறகு எல்லைப் பகுதிக்கு மூன்றாவது அணி ஒன்றைத் திரும்பவும் தொடங்கி, காசில்லை எண்டு 2007இல் அதையும் மூடினார்கள். நட்டம், கடன், மூடுவிழா எல்லாம் நடந்தது. ஆனா "சந்தை இல்லை, ஆகவே நீங்கள் காதலுக்காக ஆடுங்கோ" எண்டு ஆண்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. நட்டத்திலும் அவர்களுக்குச் சம்பளம் போனது. அது முதலீடு. பெண்களுக்குக் குடுத்தால் மட்டும் செலவு.

சனம் வரமாட்டுது எண்ட கதையையும் பார்ப்போம். 1994 பெண்கள் உலகக் கிண்ணம் நெதர்லாந்தில் நடக்க இருந்தது. சர்வதேச றக்பிச் சபை அங்கீகாரம் தராததால் அவர்கள் பின்வாங்கினார்கள். எஞ்சியிருந்த சுமார் மூன்று மாதத்துக்குள் ஸ்கொட்லாந்துப் பெண்களே அந்தத் தொடரைத் தங்கள் நாட்டில் நடத்தி முடித்தார்கள். ஓர் அணி கடைசி நேரத்தில் வராமல் விட, ஸ்கொட்லாந்து மாணவிகள் அணியை வைத்து இடத்தை நிரப்பினார்கள். உலக சபை கதவைச் சாத்திய காலத்திலேயே இவர்கள் இதைச் செய்தார்கள். கதவு திறந்தபோது என்ன நடந்தது? 2025 செப்டெம்பரில் லண்டன் ட்விக்கன்ஹாமில் நடந்த உலகக் கிண்ண இறுதிப் போட்டிக்கு வந்தவர்கள் 81,885 பேர். நூறு வருடத்துக்கு மேல் ஒரு பக்கத்துக்கு மட்டும் மைதானம், பயிற்சி, பத்திரிகை எல்லாம் குடுத்து வளர்த்துவிட்டு, மற்றப் பக்கத்தைப் பார்த்து "உனக்குச் சனம் வரேல்லயே" எண்டு கேட்பது நேர்மையில்லை.

கெனடி ஓய்வுபெற்று ஆறு வருடம் கழித்து, 2016இல்தான் ஸ்கொட்லாந்து ஒரு பெண்ணுக்கு, 15 பேர் ஆடும் றக்பியில், முதல் முழுநேர ஒப்பந்தம் குடுத்தது. ஜேட் கொன்கெல். அவரும் எட்டாம் இலக்கந்தான். ஆண்களுக்குச் சம்பளம் தொடங்கி 21 வருடம் கழித்து, ஒரேயொரு பெண்ணுக்கு. அடுத்த வருடமே, ஆறு நாடுகள் தொடரில் 2010க்குப் பிறகு முதல் தடவையாக ஸ்கொட்லாந்து வென்றது, வேல்ஸை 15-14 என்று. ஒரு ஒப்பந்தம்தான் அந்த வெற்றியைத் தந்தது எண்டு நான் சொல்ல வரேல்ல. ஏழு வருடத் தோல்விக் காலம் முழுக்க வேலைக்கும் போய், மிஞ்சின நேரத்தில் பயிற்சியும் செய்தவர்களிடம் "ஏன் வெல்லேல்ல" எண்டு கேட்க ஆருக்கும் உரிமை இல்லை எண்டுதான் சொல்லுறன். கொன்கெல் கூடப் பின்னாளில் லண்டனில் தீயணைப்புப் படையில் வேலை செய்துகொண்டே விளையாடினார். செய்தித்தாள்கள் அதையும் அழகான கதையாகத்தான் எழுதின.

2022 கடைசியில்தான் கிட்டத்தட்ட முழு அணிக்கும் ஒப்பந்தம் வந்தது. மூன்று வருடத்தில், 2025 உலகக் கிண்ணத்தில், அணி காலிறுதிக்குப் போனது. அந்தத் தொடருக்குப் போகும்போதும் பல பேருக்குத் தங்கள் ஒப்பந்தம் தொடருமா எண்ட நிச்சயம் இருக்கவில்லை.

கெனடியின் 115 போட்டிகள் பெரிய சாதனை. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அவருக்கு றக்பி மேல் காதல் இருந்திருக்கும். ரொஸ் ஃபோர்டுக்கும் இருந்திருக்கும். ஆனா ஃபோர்டின் காதலுக்கு மாதாமாதம் சம்பளம் வந்தது.

அடுத்த தடவை ஒரு வீராங்கனையின் தியாகத்தைப் பற்றின பதிவை நீங்கள் பகிரப்போகும்போது, கீழ ஒரேயொரு கேள்வியை எழுதுங்கோ: இவவுக்கு எவ்வளவு குடுத்தீங்க?