அப்பாவைப் பார்த்துக்க ஆள் இல்லை... டீச்சர் வேலையை விடலாமா? முடிவெடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க!

"அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து மூணு வாரம் ஆச்சுடி. ஒரு பக்கம் கை, கால் வரலை. தினமும் பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போகணும். அம்மாவால தனியா தூக்க முடியலை. பேசாம ஸ்கூலை விட்டுட்டு, வீட்ல இருந்தே ஆன்லைன் கிளாஸ் எடுக்கலாமான்னு பார்க்கிறேன். நீ என்ன சொல்றே?"

இது கற்பனை வாய்ஸ் நோட்தான். ஆனால், இதே மாதிரி ஒன்று உங்கள் போனுக்கும் வந்திருக்கலாம். நீங்களே யாருக்காவது அனுப்பியும் இருக்கலாம். "அரசாங்க வேலையை யாராவது விடுவாங்களா?" என்று ஒரு பக்கம். "அப்பாவைவிட வேலை பெருசா?" என்று இன்னொரு பக்கம். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர் யாருக்கும் கண்ணில் படுவதில்லை. இந்தக் கேள்விக்கு சென்டிமென்ட் பதில் சொல்லாது. கணக்கு சொல்லும்.

அரசுப் பள்ளியா? முதலில் லீவைத் தொடுங்க!

நிரந்தர வேலையின் பெருமை மாதச் சம்பளம் மட்டும் இல்லை. கஷ்டகாலத்தில் போய்விட்டுத் திரும்பி வர ஒரு இடம் இருக்கிறதே, அதுதான் அதன் உண்மையான மதிப்பு. தற்செயல் விடுப்பு சில நாளில் கரைந்துவிடும். ஆனால் சேர்த்துவைத்த ஈட்டிய விடுப்பு இருக்கிறது. அதுவும் தீர்ந்தால், அனுமதி வாங்கிச் சம்பளமில்லா விடுப்பில் போக வழி இருக்கிறது. மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயா ஆசிரியை என்றால், 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்காகப் பணிக்காலம் முழுக்க 730 நாள் வரை குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. தமிழக அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதம்.

ராஜினாமா கடிதம் கொடுத்தால் கதையே வேறு. பொதுவாக, அதுவரை பார்த்த பணிக்காலம் கணக்கில் வராமல் போய்விடும். மறுபடி உள்ளே வருவது சுலபமும் இல்லை. டெட் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும் என்பது உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டில் 2018-ல் வந்த அரசாணைப்படி, டெட் பாஸ் பண்ணினால் மட்டும் போதாது, தனியாக நியமனத் தேர்வும் எழுதணும். லீவு என்பது சாத்திவைத்த கதவு. ராஜினாமா என்பது பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வருவது.

அதற்காக 'கவர்ன்மென்ட் வேலைன்னா கவலையே இல்லை' என்றும் சொல்லிவிட முடியாது. 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு ஞாபகம் இருக்கா? ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுப்பவர்களில், ஓய்வு பெற 5 ஆண்டுக்கு மேல் இருக்கிற எல்லோரும் 2 ஆண்டுக்குள் டெட் பாஸ் பண்ணணும் என்றது அது. பல வருஷமாக வேலையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்றதும் ஸ்டாஃப் ரூம்களில் கலக்கம். தமிழக அரசு சீராய்வு மனு போட்டது. நீண்ட லீவில் போகிறவர்கள் இந்தக் கெடுவையும் மனதில் வைத்துக்கொண்டுதான் திட்டமிடணும்.

தனியார் பள்ளியா? 'பாதுகாப்பு' இருக்கான்னு பாருங்க!

இங்கே கணக்கு தலைகீழாகலாம். சில பள்ளிகளில் நியமன உத்தரவே கையில் தருவதில்லை. பி.எஃப் பிடிப்பதில்லை. மே மாதம் சம்பளம் வருமா என்பதே சந்தேகம். அப்படி ஒரு இடத்தில் இருந்துகொண்டு 'நிலையான வேலையை விடலாமா?' என்று தவிப்பதில் அர்த்தமில்லை. விடுவதற்கு அங்கே நிலையான எதுவும் இல்லை!

ஆனால், சும்மா வெளியே வந்துவிடாதீங்க. பணிக்கொடை ஆசிரியர்களுக்கும் உண்டு. 2009-ல் வந்த சட்டத்திருத்தம், 1997 ஏப்ரல் 3 முதலே இது பொருந்தும் என்றது. தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. தொடர்ந்து 5 ஆண்டு வேலை பார்த்திருந்தால், ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம். கடைசி அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய், சர்வீஸ் 6 வருஷம் என்றால் சுமார் 69,000 ரூபாய் வரும். அப்பாவின் பல மாத பிசியோ செலவு அது. நாலரை வருஷத்தில் கோபத்தோடு பேப்பர் போடுவதற்கு முன் காலண்டரை ஒருமுறை பாருங்க.

'ஃப்ளெக்ஸிபிள்' வேலை... யாருக்கு ஃப்ளெக்ஸிபிள்?

லாக்டெளன் காலத்தை நினைச்சுப் பாருங்க. ஒயிட்ஹேட் ஜூனியர் என்ற கோடிங் வகுப்பு நிறுவனம், வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லி ஆயிரக்கணக்கான பெண்களை ஆசிரியைகளாகச் சேர்த்தது. 2020-ல் பைஜூஸ் அதை 30 கோடி டாலருக்கு வாங்கியது. 2022-ல் ஆட்குறைப்புச் செய்திகள் வந்தன. 2024 ஜூலையில் பைஜூஸே திவால் நடவடிக்கைக்குள் போனது. அந்த வேலையை நம்பி நிரந்தர வேலையை விட்டவர்களுக்கு, திரும்பிப் போக லீவு லெட்டர் கிடையாது.

டியூஷன்? நல்ல வருமானம்தான். ஆனால் டியூஷன் நேரம் எது? சாயங்காலம் 5 முதல் 9. அப்பாவுக்கு மாத்திரை, சாப்பாடு, வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் என எல்லாமே அந்த நேரத்தில்தான். அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஆன்லைன் வகுப்பு என்றால், விடியற்காலையிலோ நடுராத்திரியிலோ உட்காரணும். ஏப்ரல், மே வந்தால் ஃபீஸ் நின்றுபோகும். நேரம் நம் கையில் இருப்பதுபோலத் தெரியும். நஷ்டமும் நம் கையில்தான் இருக்கும் என்பது பிறகுதான் புரியும்.

யார் விடணும்?

இது யாரும் கேட்காத கேள்வி. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். ஆக, வீட்டில் ஒரு பிரச்னை என்றதும் 'நீ வேலையை விட்டுடும்மா' என்பது பெண்ணை நோக்கித்தான் வரும். பெங்களூரில் வொர்க் ஃப்ரம் ஹோமில் இருக்கும் அண்ணனிடம், "ரெண்டு மாசம் இங்கே வந்து லேப்டாப்பைத் திறந்துக்கோ" என்று யாரும் சொல்வதில்லை. நீங்க சொல்லுங்க. அவரால் வர முடியாது என்றால், பகலில் பார்த்துக்கொள்ளும் உதவியாளரின் சம்பளத்தில் பங்கு கேளுங்க. அது பிச்சை இல்லை, பங்கு!

விடுவது என்றே முடிவானால்...

அப்படி ஒரு கட்டம் வரலாம். சிலருக்கு வேறு வழியே இருக்காது, அதில் தப்பும் இல்லை. ஆனால் பேப்பர் போடுவதற்கு முன் மூன்று வேலை பாக்கி. ஒன்று, ஆறு மாதச் செலவுக்குப் பணம். இரண்டு, பள்ளி வழியாக மருத்துவக் காப்பீடு இருந்தால் அது வேலையோடு போய்விடும். அதனால் சொந்த பாலிசி எடுத்துவிடுங்க. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் 3 ஆண்டு வரை இருக்கலாம் என்பதால், சீக்கிரம் எடுப்பது நல்லது. மூன்று, அனுபவச் சான்றிதழும் பி.எஃப் விவரமும் கைக்கு வந்திருக்கணும்.

அந்தத் தோழிக்குப் பதில் வாய்ஸ் நோட் இப்படி இருக்கலாம்: "ஸ்ட்ரோக்குக்கு முதல் சில மாசம்தாண்டி ரொம்ப முக்கியம். அதுக்கு லீவு போடு. அண்ணன்கிட்ட நான் பேசட்டுமா? ராஜினாமாவைப் பத்தி அப்பா எழுந்து நடந்ததும் யோசிக்கலாம். அப்போ ஒருவேளை அவரே வேண்டாம்னு சொல்லுவார்."