புள்ளி போனால் எழுத்தே மாறும்

கல்வெட்டுப் படங்களைத் திருத்தும்போது எந்தக் கோப்பு வடிவில் சேமிப்பது என்பதைக் கணினி அறிந்தவர் கவலையென்று நம் ஆய்வாளர் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். எனக்கு இதில் உடன்பாடில்லை. அது வாசிப்பையே தொடும் கேள்வி.

அசோகர் காலப் பிராமியில் வெறும் வட்டம் டகர வருக்கத்தின் இரண்டாம் எழுத்து. வட்டத்துள் புள்ளியிருந்தால் அது தகர வருக்கத்தின் இரண்டாம் எழுத்து. எழுத்தின் வலப்புறப் புள்ளியோ அனுஸ்வாரம். ஜேபெக் வடிவம் படத்தை 8-க்கு 8 படப்புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்விவரங்களைக் கழித்துவிடுகிறது. எழுத்தின் விளிம்பையொட்டி, பாறையில் இல்லாத கறைகளையும் உண்டாக்குகிறது. ஒளியைக் கூட்டி ஒருமுறை, ஓரம் வெட்டி ஒருமுறை எனத் திரும்பத் திரும்பச் சேமிக்கையில் இழப்பு பெருகும். கிர்நார் போன்ற பழம்பாறையில் மங்கிக் கிடக்கும் புள்ளி இதற்குத் தாங்குமா?

கேமராவின் ரா கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு, 16 பிட் டிஃப் படியில் திருத்துவதே முறை. கோப்பு பெரிதாகும் என்பது மெய்தான். ஆனால் மறுபடி களப்பயணம் போவதைவிட வன்தட்டு மலிவு. வாட்ஸாப்பில் நெறியாளருக்கு அனுப்பிய படத்தையே பின்னிணைப்பில் சேர்ப்பதை என்னால் ஏற்கவே இயலாது. (ஆவணமாக அனுப்பினால் படம் தப்பும்.) ஆய்வேட்டுக் கோப்பைச் சுருக்கச் சொல்லும் பல்கலைக்கழகங்கள், மூலப் படங்களைத் தனியே கேட்டு வாங்கி வைக்கட்டும்.