கடலாமைக்குக் கைதட்டினால் போதுமா?

முகாம் என்றதும் நமக்கு மூன்று பொருள்கள் நினைவுக்கு வரும்: பதாகை, டீ-சட்டை, குழுப் புகைப்படம். நானும் அப்படி ஒரு முகாமை நடத்தியவன்தான். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, நண்பர்கள் சிலர் சேர்ந்து படிவம் நான்கு மாணவர்கள் முப்பது பேரைத் தெலுக் பஹாங்கிலுள்ள பினாங்கு தேசியப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றோம். காட்டுவழியே ஒன்றரை மணி நேரம் நடந்து கெராச்சுட் கடற்கரையை அடைந்தோம். அங்கே மீன்வள இலாகாவின் கடலாமைப் பாதுகாப்பு மையத்தில், தொட்டியில் நீந்திய குஞ்சுகளைப் பார்த்துக் கைதட்டினோம், படம் எடுத்தோம், புறப்பட்டோம்.

சற்றுத் தூரம் வந்ததும் ஒரு மாணவி, "அண்ணா, நம்ம போத்தலெல்லாம் அங்கயே கெடக்கு" என்றாள். பசியாறிய பொட்டலங்களும் தண்ணீர்ப் போத்தல்களும் மணலில் கிடந்தன. நானும் அவளும் திரும்பி ஓடிப் பொறுக்கி வந்தோம். அந்த முகாமில் இயற்கைக்காக நடந்த ஒரே வேலை அதுதான்!

இளையோருக்கான இயற்கை முகாம்கள் நடப்பது நல்லதே. ஆனால் பார்ப்பது வேறு, பணி செய்வது வேறு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நம் மாணவர்களுக்குத் தேவை ஒருநாள் சுற்றுலா அன்று. ஒரே இடத்திற்குத் திரும்பத் திரும்பச் சென்று செய்யும் வேலை என்பதே என் கருத்து.

2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இக்காட்டின் கரையில் பேராமையும் பங்குனி ஆமையும் முட்டையிடுகின்றன. ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டைகள். பொரிக்க இரண்டு மாதம் வரை ஆகும். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் குஞ்சு. திரெங்கானுவின் ரந்தாவ் அபாங்கில் 1950-களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் குழிகள்வரை இட்ட தோல்முதுகு ஆமைகள், 2000-களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தன. பல்லாண்டுகள் முட்டைகளை எடுத்து உண்டதும் மீன்வலைகளும் அதற்குக் காரணங்கள். காப்பாற்ற அமைத்த பொரிப்பகங்களிலும் மணல் சூடு மிகுந்து, பெரும்பாலும் பெண் குஞ்சுகளே பிறந்ததை ஆய்வாளர்கள் பின்னரே கண்டறிந்தனர். நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே, அனுமதியும் வழிகாட்டலும் இன்றி மாணவர்கள் முட்டையையோ குஞ்சையோ தொடவே கூடாது. அவர்கள் செய்யக்கூடியவை வேறு உள்ளன: மணலின் வெப்பத்தை அளந்து எழுதுவது, கரையொதுங்கும் நெகிழிக் குப்பையை வகை பிரித்து எண்ணுவது, மரங்களில் தாவும் லோத்தோங் குரங்குகளைக் கணக்கெடுப்பது. 2016-இல் தொடங்கிய பினாங்கு லங்கூர் ஆய்வுத் திட்டம் பொதுமக்களையே தன்னார்வலர்களாகப் பயிற்றுவித்தது. சாலையில் அடிபட்டு மடியும் குரங்குகளுக்காக, பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு 2019-இல் தெலுக் பஹாங்கில் ஒரு மேம்பாலமும் கட்டியது.

மாணவர்களால் தொடர்ந்து செய்ய முடியுமா என்று ஐயுறுவோர் சென்னையைப் பார்க்கட்டும். அங்கே 1988-இல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர், பருவந்தோறும் இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளைத் தேடிக் காத்து வந்திருக்கின்றனர்.

"எஸ்.பி.எம். தேர்வை வைத்துக்கொண்டு காட்டில் என்ன வேலை? பெண் பிள்ளைகளை எப்படி அனுப்புவது?" என்று பெற்றோர் கேட்பர். நியாயமான கேள்விகளே. மேற்சொன்ன வேலைகள் அனைத்தும் பகலில், சனிக்கிழமைகளில், பொறுப்பாசிரியர் துணையோடு நடக்கக்கூடியவை. அளப்பதும் எழுதுவதும் அறிவியல் பாடத்திற்கு எதிரானவையும் அல்ல.

தமிழ்மொழிக் கழகத்திற்கும் கடலாமைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். லோத்தோங்கைக் காட்டி, "இதுக்குத் தமிழ்ல என்னண்ணா?" என்று ஒரு மாணவன் அன்று கேட்டான். நான் விழித்தேன். அவ்வினத்துக்கு நம்மிடம் 'முசு' என்ற பழஞ்சொல் உண்டு என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அகராதியில் இருந்தது, என் நாவில் இல்லை. செய்கிற வேலையில் புழங்காத மொழி மேடையில் மட்டும் எத்தனை நாள் வாழும்?

என் வேண்டுகோள் சிறியது. அடுத்த ஆண்டு நம் முகாம்களில் ஒன்றை இதற்கு ஒதுக்குவோம். முப்பது பேர் வேண்டாம், பத்துப் பேர் போதும். ஆண்டுக்கு ஆறு முறை ஒரே கடற்கரை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல், கரையோர ஆய்வு மையம் பூங்காவிற்குள்ளேயே இருக்கிறது, ஆலோசனை கேட்போம். முன்னாள் மாணவர்கள் படகுச் செலவை ஏற்கட்டும். அந்தப் பத்துப் பேரும் தமிழில் எழுதும் குறிப்பேடு அடுத்த ஆண்டிதழில் வெளிவரட்டும்.

பதாகை வேண்டாம். குப்பைப் பையை மறக்காமல் எடுத்து வாருங்கள்.