தேங்காய் விலையும் சீதன வீடும்

2025 பெப்ரவரியில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் மறை 4.2 சதவீதம். அதாவது, சாமான்களின் விலை முந்தைய வருடத்தைவிடச் சராசரியாக இறங்கியிருந்தது. கல்முனைக்குப் பக்கத்து நற்பிட்டிமுனையில் அன்று இதைச் சொன்னால் நம்ப ஆளிருந்திருக்காது. ஒரு தேங்காய் இருநூறு ரூபாயைத் தொட்டிருந்த காலம் அது.

கணக்கில் பொய்யில்லை. 2024 ஜூலையிலும் 2025 ஜனவரியிலும் மின்கட்டணத்தைக் குறைத்தார்கள். சராசரியைக் கீழே இழுத்ததில் அதற்குப் பெரும் பங்கு. ஆனால் கரண்ட் பில் மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும். தேங்காயோ நாள் தவறாமல் உடைபடுகிறது. சம்பலுக்கு ஒரு பாதி, ஆணத்துக்கு ஒரு பாதி என்று திருவிய உம்மா, ஒரு பாதியிலேயே இரண்டையும் ஒப்பேற்றும்போது விலைவாசி அவருடைய கையிலேயே தெரிகிறது. அமெரிக்கக் குடும்பங்களின் கடைச் செலவுகளை ஆராய்ந்த டக்குன்டோ, மால்மெண்டியர், வெபர் ஆகியோரும் அவர்களுடைய சகா ஒருவரும் 2021 இல் இதைத்தான் எழுதினார்கள். அடிக்கடி வாங்கும் பொருளின் விலையை வைத்தே மக்கள் முழு நாட்டின் விலைவாசியையும் எடைபோடுகிறார்கள். அதிலும் ஏறிய விலை பதிகிற அளவுக்கு இறங்கிய விலை மனதில் பதிவதில்லை.

எங்களுக்கு இன்னொரு பாரமும் இருக்கிறது: 2022. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9. முந்தைய டிசம்பரில் 177 ரூபாய்க்கு விற்ற பெட்ரோல் ஜூன் கடைசியில் 470. மால்மெண்டியரும் நாகெலும் 2016 இல் காட்டியபடி, ஒருவர் தன் வாழ்நாளில் பட்ட விலையேற்றம்தான் அவருடைய எதிர்பார்ப்பை வடிக்கிறது. வயது குறைந்தவர்களிடம் அண்மைய அனுபவத்தின் பிடி இன்னும் இறுக்கம். அன்று பெட்ரோல் வரிசையில் சைக்கிளோடும் கானோடும் நின்ற பெடியன்கள் இன்று குடும்பக்காரர்கள். அவர்களிடம் 5 சதவீதம்தான் மத்திய வங்கியின் இலக்கு என்றால் எப்படி நம்புவார்கள்?

இந்தப் பயம் எங்கள் ஊர்களில் போய் விழும் இடம் மகளின் வீடு. கிழக்குக் கரையில் முஸ்லிம்களும் தமிழர்களும் மகளுக்கு வீட்டைக் கொடுத்தே கட்டிக்கொடுக்கிறோம். மகள் ஓ.எல். எழுத முன்னமே வாப்பா வளவைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். 2021 இல் ஆயிரத்தை ஒட்டி இருந்த ஒரு மூடை சீமெந்து 2022 இல் மூவாயிரம் வரை போனதை அவர் கண்டிருக்கிறார். 2023 இல் அது இறங்கியதையும் கண்டார். மனதில் நின்றது முதலாவதுதான். "இனி ஏறுமே தவிர இறங்காது, இப்பவே எடுத்துப் போடுவம்" என்று கடன்பட்டு வாங்குகிறார். பலகை போட்டு அடுக்கினாலும் மாரிக் குளிர்ச்சியில் மூடையின் ஓரம் கட்டிபட்டுப்போகிறது. அத்திவாரம் எழும்பி, தூணில் கம்பி நீட்டி, அப்படியே வருடக்கணக்காக நிற்கும் வளவுகளை எத்தனை ஒழுங்கையில் பார்க்கிறோம்! அதில் விலையேற்றத்தின் பங்கு பாதியென்றால் விலையேற்றப் பயத்தின் பங்கு மீதிப் பாதி என்பது என் எண்ணம்.

மத்திய வங்கி இந்தப் பயத்தைத் தணிக்கக் கையில் வைத்திருக்கும் ஆயுதம் வட்டி. 2022 ஏப்ரலில் கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தினார்கள். வட்டியை ஹராம் என்று ஒதுக்குகிற ஒரு வாப்பாவுக்கு வைப்பு வட்டி ஏறி என்ன, இறங்கி என்ன? அவருடைய சேமிப்பு நகையாகவும் காணியாகவும் சீமெந்தாகவும்தான் இருக்கும். அது அறியாமை இல்லை. அவர் நம்பக்கூடிய இடங்கள் அவைதான். இஸ்லாமிய வங்கிமுறையின் இலாபப் பங்குச் சேமிப்பு நாட்டில் இருந்தும் எங்கள் ஜமாஅத்துகளில் அதைப்பற்றி விளங்கப்படுத்துவோர் குறைவு.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பணவீக்கம் குறைந்தது என்று அறிவிக்கிற அன்றே, 2021 இல் நூறு ரூபாய்க்கு வாங்கிய சாமான் கூடைக்கு இன்று ஏறக்குறைய இரட்டிப்புக் கொடுக்கிறோம் என்பதையும் தமிழில் சேர்த்துச் சொல்லுங்கள். இறங்கியது ஏறுகிற வேகம்தான், ஏறிய விலை பெரும்பாலும் ஏறினபடியே நிற்கிறது என்று யாராவது நேராகச் சொன்னால் மக்களுக்கு விளங்கும். அதை மறைத்துச் சொல்வதால்தான் உண்மையான கணக்கையும் பொய் என்கிறார்கள்.

மகள் படித்துக்கொண்டிருக்கிற வீட்டு வாப்பாமாருக்கு நான் சொல்வது இதுதான். சீமெந்து விலை ஏறும் என்பது ஊகம். கடனை அடைக்க வேண்டும் என்பது நிச்சயம். பயத்தில் உம்மாவின் நகையை அடகுக்குக் கொண்டுபோக முன், இன்றைய விலையைக் கல்முனையில் இரண்டு மூன்று கடைகளில் விசாரித்து, போன வருடப் பற்றுச்சீட்டோடு வைத்துப் பாருங்கள்.